ஒருவரை எந்த வயதிலிருந்து முதியவர் என்று சொல்வது?

"அப்பாவுக்கு 66 முடிஞ்சிடுச்சு. இனிமே அவரை வயசானவர்னே வெச்சுக்கலாமா?"

24 வருடமாக பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். பெரும்பாலும் கேட்பது பிள்ளைகள். சில நேரம் அந்த அப்பாவோ அம்மாவோ. முன்பெல்லாம் "65 தாண்டினா அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அந்தப் பதில் எவ்வளவு பொறுப்பில்லாதது என்று என் சொந்த அப்பா விஷயத்தில்தான் உணர்ந்தேன். இப்போது யாராவது கேட்டால் உட்காரவைத்து, கீழே எழுதியிருக்கும் வரிசைப்படி யோசிக்கச் சொல்கிறேன்.

முதலில், அந்தக் கேள்வியின் உள்ளே ஒளிந்திருக்கும் இன்னொரு கேள்வியை வெளியே எடுக்க வேண்டும். யாரும் சும்மா தெரிந்துகொள்ள இதைக் கேட்பதில்லை. தனியாகப் பயணம் அனுப்பலாமா, வண்டி ஓட்டவிடலாமா, மாடி அறையைக் கீழே மாற்றணுமா, ஆபரேஷன் தாங்குவாரா, பணக்கணக்கை யார் பார்ப்பது என்று ஏதோ ஒரு முடிவு காத்துக்கொண்டிருக்கும். அதை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். "இவர் முதியவரா?" என்ற வாக்கியத்துக்கு முன்னால் "எதற்கு?" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே மனிதர் ஒரு வேலைக்கு முதியவராகவும் இன்னொன்றுக்கு நல்ல திடகாத்திரமானவராகவும் இருப்பார். 35 வயதுக் கால்பந்து வீரரை ஆடுகளத்தில் மூத்தவர் என்கிறோம். அதே 35 வயதுக்காரர் ஒரு நாட்டுக்குத் தலைவரானால் சின்ன வயது என்கிறோம்.

எழுதிய கேள்வி சட்டம், சலுகை, ஓய்வூதியம் பற்றியதாக இருந்தால் வேலை சுலபம். உங்கள் நாட்டுச் சட்டத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது. சான்சலர் (அரசுத் தலைவர்) பிஸ்மார்க் காலத்தில் ஜெர்மனி 1889-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோது வைத்த வயது 70. 1916-இல்தான் அது 65 ஆனது. பிஸ்மார்க் தன் வயதான 65-ஐயே வைத்துவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. சட்டம் வந்தபோது அவருக்கு 74. பிரிட்டன் 1908-இல் 70 என்று ஆரம்பித்தது. அமெரிக்கா 1935-இல் 65 என்று வைத்தது. ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கைகளில் 60 என்றும் 65 என்றும் இரண்டையும் பார்க்கலாம். ஜப்பானில் முதியோர் மருத்துவச் சங்கம் 2017-இல் 75-க்கு மேல்தான் முதியவர் என்று சொல்லலாம், 65 முதல் 74 வரை அதற்கு முந்தைய பருவம் என்று யோசனை சொன்னது.

கஜானாவில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும் என்ற கணக்குக்கு, சட்டத்தில் இப்படி ஒரு எண்ணை வைப்பதில் பெரிய பங்கு உண்டு. கவுன்டரில் அந்த எண்ணைக் காட்டி உரிமையோடு சலுகையை வாங்குங்கள். வீட்டுக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். அறுபதாவது பிறந்தநாளுக்கு முந்தின இரவு ஒரு உடம்பும் மறுநாள் காலை வேறொரு உடம்பும் யாருக்கும் வருவதில்லை.

கேள்வி மருந்து, சிகிச்சை பற்றியது என்றால், எண்ணை ஒரு மணியோசை மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தால் எழுந்து பார்க்க வேண்டும். முதியவர்களுக்குக் கவனமாகக் கொடுக்க வேண்டிய மருந்துகளுக்கென்று பியர்ஸ் பட்டியல் என்று ஒன்று டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். அது 65 வயதிலிருந்து தொடங்குகிறது. வயது ஏற ஏறச் சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் குறையும், சில தூக்க மாத்திரைகள் தள்ளாட்டத்தைக் கொண்டுவரும். அதனால் டாக்டரிடம் வயதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். "பார்த்தா தெரியாது" என்று சிரித்துக்கொண்டே ஐந்து வயதைக் குறைத்துச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்துச் சீட்டு எழுதும் இடத்தில் அது வேண்டாம்.

ஆபரேஷன் மாதிரி பெரிய விஷயங்களுக்கு வயதோடு தளர்ச்சியையும் பார்க்க வேண்டும். 2001-இல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரைடும் அவரோடு வேலை செய்தவர்களும் இதற்கு ஐந்து அடையாளங்களைக் கொடுத்தார்கள்: முயற்சி செய்யாமலே ஒரு வருடத்தில் நாலரைக் கிலோவோ அதற்கு மேலோ எடை இறங்குவது, எப்போதும் அசதி, கைப்பிடி பலம் குறைவது, நடை மெதுவாவது, உடல் அசைவே குறைந்துபோவது. மூன்று இருந்தால் தளர்ந்தவர். ஒன்று அல்லது இரண்டு இருந்தால் அதற்கு முந்தின நிலை, திருப்பிக் கொண்டுவர நல்ல வாய்ப்பு இருக்கும் நிலை. என்னிடம் வந்தவர்களில் 58 வயதில் நான்கு அடையாளங்கள் உள்ள ஒருவரும், 81 வயதில் ஒன்றுகூட இல்லாத ஒரு அம்மாவும் இருக்கிறார்கள். இவர்களில் யாரை நான் முதியவர் என்று குறித்துக்கொள்வது?

அடுத்தது அன்றாட வாழ்க்கை. வீடுகளில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான், நானும் தவறு செய்தது இங்கேதான்.

அப்பாவுக்கு 68 ஆனபோது ஏணியை எடுத்து ஒளித்துவைத்தேன். பல்பு மாற்றுவது, பரணில் இருந்து பெட்டி இறக்குவது எல்லாம் அதுவரை அவர் வேலை. "விழுந்தா என்னப்பா பண்றது, இனிமே நாங்க பாத்துக்கறோம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து மாடிக்குப் போவதை நிறுத்தச் சொன்னோம், அடுத்து சாமான் தூக்குவதை. ஒரு வருடம் கழித்து ஒருநாள் சோபாவிலிருந்து எழ அவர் இரண்டு கையையும் ஊன்றி, ஒருமுறை முன்னால் ஆடி, மறுபடியும் ஆடி, மூன்றாவது தடவைதான் எழுந்தார். வேலையில் நான் தினமும் பார்க்கிற எழுகை அது. என் வீட்டில், என் அப்பாவிடம், என் கண்ணெதிரே அது வந்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. ஏணி ஏறுவது ஆபத்து என்று நான் நினைத்தது தப்பில்லை. ஆனால் அவருடைய தொடை பலத்தையோ நிதானத்தையோ ஒரு தடவைகூட அளந்து பார்க்காமல், பிறந்த தேதியை மட்டும் பார்த்து முடிவெடுத்தேன். அவரிடம் கேட்கவும் இல்லை.

அதனால் அளந்து பாருங்கள். மூன்று சோதனைகள் போதும். பக்கத்தில் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல், புதிதாக வந்த மூட்டு வலி இருந்தால் வீட்டில் செய்யாமல் டாக்டரிடம் போங்கள்.

முதலாவது நாற்காலிச் சோதனை. கைப்பிடி இல்லாத, சக்கரம் இல்லாத நாற்காலி. உட்காரும் உயரம் சுமார் 43 செ.மீ. சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பின்னால் நகரக் கூடாது. நடுவில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் குறுக்காக நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். "ஆரம்பிங்க" என்றதும் முழுதாக எழுந்து முழுதாக உட்கார வேண்டும். 30 வினாடியில் எத்தனை தடவை என்று எண்ணுங்கள். நேரம் முடியும்போது பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதையும் ஒன்றாகச் சேர்க்கலாம். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் எண்ணிக்கை பூஜ்யம். 65 முதல் 69 வயதில் ஆண்களுக்கு 12-க்குக் கீழேயும் பெண்களுக்கு 11-க்குக் கீழேயும் வந்தால் சராசரியை விடக் குறைவு, விழும் வாய்ப்பு அதிகம். 75 முதல் 79 வயதில் அந்த எல்லை ஆண்களுக்கு 11, பெண்களுக்கு 10.

எண்ணிக்கையைப் போலவே செய்யும் விதத்தையும் பாருங்கள். உட்காரும்போது மெதுவாக இறங்குகிறாரா, 'தொப்' என்று விழுகிறாரா? தொப்பென்று உட்கார்ந்தால் தொடைத் தசை இறங்கும் எடையைத் தாங்கவில்லை. கழிப்பறையில் நடக்கும் விபத்துகளுக்கு இது முன்னறிவிப்பு.

இரண்டாவது, எழுந்து நடந்து திரும்புவது. நாற்காலியிலிருந்து 3 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு. எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை போய், திரும்பி வந்து உட்கார வேண்டும். வழக்கமாகத் தடி வைத்திருப்பவர் தடியோடு செய்யலாம். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு. திரும்பும் இடத்தைக் கண்கொட்டாமல் பாருங்கள். உடம்பை ஒரே கட்டையாகத் திருப்பி, சின்னச் சின்ன அடியாக நிறைய எடுத்து வைத்தால், கை தானாகச் சுவரைத் தேடினால், நேரம் 10 வினாடிக்குள் வந்திருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நிதானம், அதாவது தள்ளாடாமல் நிற்பது. ஒரு காலின் குதிகால் இன்னொரு காலின் விரல் நுனியைத் தொடுவதுபோல் இரண்டு பாதங்களையும் ஒரே கோட்டில் வைத்து 10 வினாடி நிற்க முடிகிறதா? முடியாவிட்டால் ஏணி பக்கமே போக வேண்டாம்.

வெளியில் தனியாக அனுப்பலாமா என்பதற்குக் கூடுதலாக நடை வேகத்தையும் கணக்கிடுங்கள். பல இடங்களில் சாலை கடக்கும் சிக்னலை வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரை மனத்தில் வைத்து அமைக்கிறார்கள். தரையில் 4 மீட்டர் அளந்து நடக்கச் சொல்லி, 5 வினாடிக்கு மேல் ஆனால் வேகம் 0.8-க்குக் கீழே. அவருக்குத் துணை தேவைப்படுவது சாலையைக் கடக்கத்தான். வீட்டுக்குள் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார்.

உடல் வேலைகளை இப்படி அளக்கலாம். பணம், மருந்து, போன், சமையல், கடைகண்ணி போன்றவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: தானாகச் செய்கிறாரா, ஒரு கை உதவினால் செய்கிறாரா, முடியவே இல்லையா. முதுமை பற்றி ஆராய்ந்த லாட்டன் 1969-இல் கொடுத்த பட்டியலும் இந்த மாதிரிதான். பணக்கணக்கில் திடீர்க் குழப்பம் வந்தால் அதை "வயசாயிடுச்சு" என்று ஒதுக்காதீர்கள். மறதி நோய், தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, மன அழுத்தம், ஏதோ ஒரு மாத்திரை எதுவும் காரணமாகலாம். பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அந்த ஒரு வார்த்தையால் கோட்டைவிட்ட நோய்கள் எத்தனையோ.

முதல் தேய்மானத்தை வைத்து வயதானவர் என்று முடிவு கட்டுவதும் வேண்டாம். எலும்பின் அடர்த்தி 30 வயதையொட்டி உச்சத்துக்கு வந்து பிறகு இறங்குகிறது. கிட்டத்துப் பார்வை நாற்பதுகளில் எல்லோருக்கும் மங்கும். அந்தக் கணக்கில் போனால் பாதி உலகம் முதியவர்கள்.

குடும்பத்துக்கு நீண்டகாலத் திட்டம் போட வேண்டும், ஒரு எண் கட்டாயம் வேண்டும் என்றால் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. வாரன் சாண்டர்சன், செர்கெய் ஷெர்போவ் என்ற மக்கள்தொகை ஆய்வாளர்கள் சொல்வது: பிறந்ததிலிருந்து எண்ணாமல் மிச்சத்திலிருந்து எண்ணுங்கள். உங்கள் நாட்டின் ஆயுள் அட்டவணையில், சராசரியாக இன்னும் 15 வருடம் மிச்சம் இருக்கும் வயது எதுவோ அதுவே முதுமையின் தொடக்கம். மக்களின் ஆயுள் கூடினால் அந்த எல்லையும் தானே தள்ளிப்போகும். இது கூட்டத்துக்கான சராசரி என்பதால் வீட்டில் இருக்கும் ஒருவரை இதைவைத்து அடக்கக் கூடாது. சேமிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சொல். என்ன சொல்லி அழைப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். பழந்தமிழில் 'கிழவன்' என்றால் உரிமையுடையவன், தலைவன். 'கிழமை' என்றால் உரிமை. இன்று அதையே முகத்துக்கு நேரே சொன்னால் அடிபட்ட மாதிரி இருக்கிறது. 'பெரியவர்' சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு 'சார்', 'அம்மா' போதும். என்னிடம் வருபவர்களிடம் முதல் நாளே கேட்டுவிடுகிறேன். இதை ஏதோ மரியாதை விஷயம் என்று மட்டும் எண்ண வேண்டாம். பெக்கா லெவி என்ற அமெரிக்க ஆய்வாளரின் 2002-ஆம் ஆண்டு ஆய்வில், தங்கள் முதுமையைப் பற்றி நல்லவிதமாக எண்ணியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். எண்ணம்தான் முழுக் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் "உங்களால முடியாது" என்று காலை முதல் இரவு வரை கேட்பவர் முயன்று பார்ப்பதையே விட்டுவிடுகிறார்; அதை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

அளந்ததைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே நாற்காலியில், அதே நேரத்தில் திரும்பச் செய்யுங்கள். மெதுவாக ஒன்றிரண்டு குறைந்தால் தொடைப் பயிற்சியைக் கூட்டலாம். ஒரேயடியாக மூன்று நான்கு குறைந்தால் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஏதாவது ஒரு காரணம் இருக்கும்.

அப்பாவின் நோட்டில் முதல் பக்கத்தில் இருக்கும் நாற்காலிச் சோதனை எண்ணிக்கை 7. அன்றிலிருந்து தினமும் காலையில் பத்து, மாலையில் பத்து என்று எழுந்து உட்கார்ந்தார், ஆரம்பத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டு. இப்போது அவருக்கு 74. போன மாதம் 13. பாதங்களை ஒரே கோட்டில் வைத்து 10 வினாடி நிற்கிறார். பல்பு மாற்றும்போது நான் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன், மேல் படிக்குப் போக வேண்டாம் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.