தொடர் கூட்டலிலிருந்து பெருக்கலுக்கு: விடை சரியாக வந்தும் தடம் மாறும் இடங்கள்

இரண்டாம், மூன்றாம் வகுப்பில் பெருக்கலைத் தொடங்கும் புதிய ஆசிரியர்களும் வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் வருஷா வருஷம் ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். 4 + 4 + 4-க்குப் பிள்ளை 11 என்று எழுதுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது கூட்டல் பிழை, பழகப் பழகச் சரியாகிவிடும். விடை சரியாக இருக்கும்போதே உள்ளுக்குள் நிற்கிற கோளாறுகள்தான் பின்னால் பிள்ளையை வதைக்கின்றன.

எல்லாக் காய்களையும் கண்முன்னே பரப்பி வைப்பது

எத்தனை தடவை சொன்னாலும் தீராத தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் செய்பவர்கள் அக்கறையோடுதான் செய்கிறார்கள். 2022-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியதிலிருந்து, பொருள்களை வைத்துக் கணக்கு சொல்லித்தர வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஐந்து தட்டு, தட்டுக்கு நாலு புளியங்கொட்டை. “மொத்தம் எத்தனை?” “இருபது!” சபாஷ் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தப் பிள்ளையின் விரலைப் பாருங்கள். ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டு 1, 2, 3 என்று இருபது வரை போயிருக்கும். உதடு மட்டும் அசையும். அதற்குத் தட்டு ஒரு பொருட்டே இல்லை. இருபதையும் குவியலாகக் கொட்டியிருந்தாலும் இதையேதான் செய்திருக்கும். இது எண்ணுதல். தொடர் கூட்டல் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பயிற்சித்தாளில் எல்லாக் கணக்குக்கும் படம் இருப்பதால் முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடும். 47 × 6 வரும்போதுதான் குட்டு வெளிப்படும்: ஆறேழு எவ்வளவு என்று கண்டுபிடிக்க நோட்டு ஓரத்தில் 42 கோடு போட்டு எண்ணிக்கொண்டிருக்கும்.

தொடர் கூட்டலுக்கு இரண்டு திறன் வேண்டும். நாலை உடைக்காமல் ஒரே உருப்படியாகப் பிடிக்க வேண்டும். கூடவே, ‘மொத்தம் எவ்வளவு’, ‘எத்தனை நாலு ஆயிற்று’ என்ற இரண்டு கணக்கையும் மனதில் ஓட்ட வேண்டும். எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தால் இரண்டுமே தேவைப்படாது. அதனால் காயை மறைத்தே ஆக வேண்டும்.

ஆறு காலித் தீப்பெட்டி போதும். பெட்டிக்கு நாலு கொட்டை, பிள்ளையே போட்டு மூடட்டும். ஒரு பெட்டியை வையுங்கள்: “நாலு.” பக்கத்தில் இரண்டாவது: “எட்டு.” மூன்றாவதில் பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறும்; மூடியை நாலு முறை தட்டி 9, 10, 11, 12 என்று போகும். தடுக்காதீர்கள். எட்டை விடாமல் பிடித்துக்கொண்டு அங்கிருந்து தொடர்கிறது என்பதே நல்ல முன்னேற்றம். சில நாளில் தட்டுவது தானாக நிற்கும். ஒரு பெட்டி வைக்கும்போதெல்லாம் இடது கையில் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பெட்டிக் கணக்கு அந்தக் கையில் நிற்கும்.

ஐந்து பெட்டி வைத்து 20 வந்ததும் ஆறாவதை வையுங்கள். 20-லிருந்து 24-க்குப் போனால் பிடிபட்டுவிட்டது. மறுபடி முதல் பெட்டிக்கே திரும்பினால் இன்னும் பிடிபடவில்லை, குறி எழுதும் நேரம் வரவில்லை. அடுத்து ஒரு பெட்டியை எடுத்துவிட்டு “இப்போ?” என்று கேளுங்கள். இதுவும் வந்த பிறகே 4 + 4 + 4 + 4 + 4 என்று எழுதி, அதன் கீழே 5 × 4 எழுத வேண்டும்.

கண்ணாடி டப்பா கூடாது. உள்ளே தெரிந்தால் பழைய கதைதான். 2, 5, 10-ஐ வைத்துச் சோதிக்கவும் வேண்டாம். அவற்றைப் பாட்டு மாதிரி ஒப்பிக்கத் தெரிந்திருக்கும். புரிந்ததா, மனப்பாடமா என்று பிரித்தறிய முடியாது. 3, 4, 6 நல்லவை.

கூட்டல் குறியை எண்ண விடுவது

5 + 5 + 5 + 5-ஐ 3 × 5 என்று எழுதும் பிள்ளை குறிகளை எண்ணியிருக்கிறது. நாலு எண்ணுக்கு நடுவே மூன்று குறிதான் இருக்கும். ஒவ்வொரு 5-ஐயும் வட்டமிட்டு, கீழே 1, 2, 3, 4 என்று போடச் சொல்லுங்கள். “5-ஐ நாலு முறை கூட்டு” என்று சொல்வதையும் தவிர்க்கலாம். 5-இல் தொடங்கி அதன்மேல் நாலு முறை கூட்டி 25 கொண்டுவரும் பிள்ளைகள் உண்டு, அவர்கள் கேட்டதைத்தான் செய்கிறார்கள். “நாலு ஐந்து எவ்வளவு?” என்று கேட்டால் குழப்பமில்லை.

சம குழுக்களை மட்டுமே காட்டுவது

பல்லாங்குழியில் ஆட்டம் தொடங்கும்போது ஒரு பக்கத்து ஏழு குழியிலும் ஐந்தைந்து காய் வைத்தால் 7 × 5 என்று எழுதலாம். கொஞ்சம் ஆடியதும் ஒரு குழியில் ஆறு, ஒன்றில் ஒன்றுமில்லை. இப்போது பெருக்கல் குறி போட முடியுமா? முடியாது, கூட்டித்தான் ஆக வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை 3 + 3 + 4-ஐயும் 3 × 3 என்று எழுதும்.

3 × 4-க்கு 4 × 3 எழுதினால் முழுத் தவறு போடுவது

மூன்று குழு, குழுவுக்கு நாலு என்றால் எதை முன்னால் எழுதுவது என்பது வழக்கம் மட்டுமே. உங்கள் பாடநூல் எப்படி எழுதுகிறதோ அப்படியே பழக்குங்கள். மாற்றி எழுதினால் சிவப்பு மையில் அடிக்காமல், “எத்தனை குழு, ஒன்றில் எத்தனை?” என்று கேளுங்கள். 30 முட்டை அட்டை ஒன்றைக் கையில் கொடுங்கள்: ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து. அப்படியே பக்கவாட்டில் திருப்பினால் ஐந்து வரிசை, ஆறாறு.

எண்கோட்டில் 1-லிருந்து தாவ விடுவது

தாவல் 0-இல்தான் தொடங்க வேண்டும்.

பூச்சியத்தைத் தள்ளிப்போடுவது

நாலு காலிப் பெட்டி: 0 + 0 + 0 + 0. அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

தொடர் கூட்டலிலேயே தங்கிவிடுவது

7 × 9-க்கு ஏழு ஒன்பதை வரிசையாக எழுதிக் கூட்டுவது நான்காம் வகுப்பிலும் தொடர்ந்தால் அது சுமைதான். நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் தெரியாது. கட்டம் போட்ட நோட்டில் ஏழு வரிசை, வரிசைக்கு ஒன்பது கட்டம் வண்ணமடிக்கச் சொல்லுங்கள். ஐந்தாவது வரிசைக்குக் கீழே ஒரு கோடு. மேலே 45, கீழே 18, மொத்தம் 63. வாய்ப்பாடு மறந்தாலும் இந்த வழி கைகொடுக்கும்.

“பெருக்கினால் எண் பெரிதாகும்” என்று விதி போலச் சொல்லியும் வைக்காதீர்கள். கடையில் அரை அட்டை முட்டை கேட்டால் 15 கிடைக்கும். அது ½ × 30. அங்கே எதையும் திரும்பத் திரும்பக் கூட்டவில்லை, விடையும் 30-ஐவிடச் சிறியது. பின்னம் வரும் வகுப்பில் அந்தப் பழைய விதியை அழிப்பதற்கே தனியாகப் பல நாள் பாடம் எடுக்க வேண்டியிருக்கும்.