ஓசூர் மேட்டுநிலத்தை வரைபடமாக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். ஆனால் கேழ்வரகுக் கொல்லையில் நின்று பார்த்தால் எல்லாம் சமதளமாகத்தான் தெரியும். மழைத்தண்ணீர் எந்த ஏரிக்குப் போகும் என்பதை இங்கே பல இடங்களில் ஓரிரு மீட்டர் வித்தியாசமே முடிவு செய்கிறது. மலைக்குச் சரிப்பட்டு வரும் வரைபட முறை இந்த மண்ணில் தடுமாறுவது அதனால்தான்.

1:50,000 டோபோஷீட்டில் (நில அமைப்பைக் காட்டும் வரைபடத் தாள்) சமஉயரக் கோடு, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு, வழக்கமாக 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்று. ஏரி, கலிங்கு (ஏரி நிரம்பினால் மிகைநீர் வழியும் இடம்), ஓடை என்று ஒரு கிராமமே இரண்டு கோடுகளுக்கு நடுவில் அடங்கிவிடும். அந்தக் கோடுகளை வைத்துக் கணினியில் ஒரு மீட்டர் கோடுகளை வரவழைத்தால் படம் அழகாக வரும். புதிய அளவீடு ஒன்றுகூட அதில் இருக்காது. அதை நம்பிப் பண்ணைக்குட்டைக்கு இடம் குறிக்காதீர்கள்.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் மூலம் எடுத்த எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவு இலவசம் என்பதால் பலரும் அதையே எடுக்கிறார்கள். 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரே உயரம்தான். அடர்ந்த தைலமரத் தோப்பில் அந்த ரேடார் தரை வரை முழுதாக இறங்காததால் தோப்பு சிறு மேடாகப் பதிவாகும்.

இதைவிடப் பெரிய தவறு என்று நான் நினைப்பது, நீரோட்டம் கணக்கிடும் முன் பள்ளங்களை நிரப்பும் கட்டளையை யோசிக்காமல் ஓட்டுவது. மென்பொருளுக்கு வெளிவழி இல்லாத பள்ளம் எல்லாமே பிழை. இங்கேயோ கரைக்குப் பின்னால் இருக்கும் பள்ளம்தான் ஏரி! தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் தேக்கிய இடம் ஒரே சொடுக்கில் தட்டையாகிவிடுகிறது. எந்தப் பள்ளம் நிஜம் என்று ஏரிகளின் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு நிரப்புங்கள்.

ஜிபிஎஸ் கருவி நீள்வட்டக் கோள உயரத்தை (பூமியின் கணித வடிவத்திலிருந்து அளக்கும் உயரம்) காட்டினால், அது கடல்மட்ட உயரத்தைவிட இங்கே 80 மீட்டருக்கும் மேல் குறைவாக இருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் கலக்கக்கூடாது. பழைய டோபோஷீட்டில் இடங்களைக் குறிக்கப் பயன்பட்ட எவரெஸ்ட் அடிப்படையை, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அடிப்படைக்கு மாற்றாவிட்டால் கிணறுகள் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும். இன்னொன்று, 78 டிகிரி தீர்க்கரேகை சூளகிரிப் பக்கமாகப் போகிறது. அதனால் யூடிஎம் முறையில் (உலகை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை) ஓசூர் 43-ஆம் மண்டலத்திலும் கிருஷ்ணகிரி 44-ஆம் மண்டலத்திலும் விழுகின்றன. மாவட்டம் முழுவதற்கும் படம் போடுகிறவர்கள் ஒரே மண்டலத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

கடைசியில் களத்துக்குப் போகாமல் முடியாது. கலிங்கின் உச்சியை ஆதாரமாக வைத்து ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியில் கரை, மதகு, வரத்துக் கால்வாய் மட்டங்களை எடுங்கள். நல்ல மழைக்கு மறுநாள் போனால் தண்ணீர் ஓடிய தடத்தை ஊர்க்காரர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.