லிகூரியம் எந்தக் கிளையைச் சேர்ந்தது? நாமே சோதித்தறியும் முறை

வடமேற்கு இத்தாலியின் கடற்கரையில், ஜெனோவா நகரை நடுவாகக் கொண்டு வழங்கும் லிகூரியத்தை இத்தாலியனின் வட்டார வழக்கு என்று சொல்லிவிடுவோர் பலர். இரண்டும் இலத்தீனிலிருந்து தனித்தனியே கிளைத்தவை என்பதை ஒரு தாளும் சில சொற்களும் இருந்தால் எவரும் சோதித்தறியலாம். ரோமானியர் வருவதற்கு முன் அங்கு வாழ்ந்த லிகூரர்களின் பண்டை மொழிக்கும் இதே பெயர் வழங்குவதால், சொற்களைத் திரட்டும்போது அதை முதலிலேயே விலக்கிவிட வேண்டும்.

தாளில் இலத்தீன், இத்தாலியன், ஜெனோவா வழக்கு, ஸ்பானியம், போர்த்துகீசியம், வட இத்தாலியில் வழங்கும் லொம்பார்டு எனப் பத்திகள் பிரித்துக்கொண்டு, சொல்லின் தொடக்கத்தை முதலில் பாருங்கள். தீச்சுடரைக் குறிக்கும் இலத்தீன் ‘ஃபிளாம்மா’ இத்தாலியனில் ‘ஃபியாம்மா’ ஆக, ஜெனோவாவில் ‘ஷாம்மா’ ஆகிறது. சதுக்கம் இத்தாலியனில் ‘பியாத்ஸா’, ஜெனோவாவில் ‘ச்சாஸ்ஸா’. வெள்ளை அங்கே ‘பியாங்கோ’, இங்கே ‘ஜாங்கு’. போர்த்துகீசியத்திலும் சுடருக்கு ‘ஷமா’ என்றே சொல் இருப்பதைக் கண்டு இரண்டையும் ஒரே கிளையில் சேர்த்துவிடக் கூடாது. ஒரே வகை மாற்றம் தொலைவிலுள்ள இரு மொழிகளில் தனித்தனியே நிகழ்வது உண்டு.

அடுத்து, இரண்டு உயிர்களுக்கு நடுவே நிற்கும் வல்லெழுத்தைக் கவனியுங்கள். நண்பன் இத்தாலியனில் ‘அமீக்கோ’, ஜெனோவாவில் ‘அமீகு’, ஸ்பானியத்தில் ‘அமீகோ’. இவ்விடத்தில் ககரம் மெலிவது தமிழ்க் காதுக்குப் புதிதன்று. நம் எழுத்தே அந்த வேறுபாட்டை அழகாகக் காட்டிவிடுகிறது. இந்த மெலிவைக் கொண்டே மொழியியலாளர் இத்தாலியின் மேற்குக் கரையிலுள்ள லா ஸ்பெத்ஸியாவிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள ரிமினி வரை ஒரு கோடு வரைந்து, ரொமான்ஸ் மொழிகளில், அதாவது இலத்தீனிலிருந்து கிளைத்த மொழிகளில், மேற்கைக் கிழக்கிலிருந்து பிரிக்கின்றனர். லா ஸ்பெத்ஸியா லிகூரியாவின் கிழக்கோர நகரமே என்பதால், இம்மொழி அந்த எல்லையை ஒட்டியபடி மேற்குப் பக்கத்தில் நிற்கிறது.

இத்துடன் நிறுத்தினால் பாதி விடைதான் கிடைக்கும். பியெட்மான்ட், லொம்பார்டு, எமிலிய மொழிகளோடு லிகூரியத்தையும் கல்லோ-இத்தாலியம் எனப்படும் வட இத்தாலிய மொழிக்குழுவில் வைப்பது வழக்கம். ஆனால் லொம்பார்டு பூனையை ‘காட்’ என்று ஈற்றுயிரை உதிர்த்துச் சொல்ல, ஜெனோவா ‘காட்டு’ என்று அதைக் காத்துவைக்கிறது. பன்மையும் ஸ்பானிய ‘காட்டோஸ்’ போல ஸகரத்தில் முடியாமல், இத்தாலியனைப் போலவே ‘காட்டி’ என்று உயிர் மாறி அமைகிறது. என் கணிப்பில், குழுவுக்குள் லிகூரியத்தின் தனித்தன்மையை மிகத் தெளிவாகக் காட்டுவது இந்த ஈறுதான்.

சில சான்றுகளைக் காதால்தான் பிடிக்க முடியும். இதழைக் குவித்தபடி ‘இ’ என்று ஒலித்தால் வரும் உயிர், பிரெஞ்சிலும் லொம்பார்டிலும் உள்ளதைப் போலவே ஜெனோவாவிலும் உண்டு. நிலவின் பெயரில் அதைக் கேட்கலாம். கடலைக் குறிக்கும் ‘மாரே’ இங்கே ரகரத்தை இழந்து வெறும் ‘மா’ என்று நிற்கிறது.

மாதிரிகளைக் கூட்ட விரும்பினால் மொனாக்கோவின் மொனெகாஸ்க் வழக்கையும் கார்லோஃபோர்ட்டே ஊரின் தபார்க்கினோவையும் சேர்த்துக்கொள்ளலாம். பின்னது, துனிசியக் கரையருகே தபார்க்கா தீவில் 16ஆம் நூற்றாண்டில் குடியேறிய லிகூரியரின் வழித்தோன்றல்கள் 1738இல் கொண்டுவந்த பேச்சு. ஊர் சார்டினியாவை ஒட்டிய தீவில் இருக்கிறது என்பதற்காக அதைச் சார்டினிய மொழியின் பத்தியில் எழுதிவிடாதீர்கள்.