லோரி விபத்து: புதிதாக வந்தவர்கள் முதல் நாளில் செய்ய வேண்டியது

ஊரில் நீங்கள் லாரி என்று சொன்னது இங்கே லோரி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் இந்தச் சொல் உங்கள் வாயிலும் ஏறிவிடும், ஏனென்றால் ஊரின் பிழைப்பே அதன் மேல்தான் ஓடுகிறது. செம்பனைக்குலை ஆலைக்குப் போவதும், உரமூட்டை தோட்டத்துக்கு வருவதும், கோயில் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் இறங்குவதும் லோரியில்தான். ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய கூட்டரசுச் சாலை ஊருக்கு நடுவே செல்கிறது. தோட்டத்துச் செம்மண் பாதையில் ஆடி ஆடி வந்த லோரி, திடீரென்று வேகமாக வண்டிகள் ஓடும் அந்தச் சாலையில் ஏற வேண்டும். மழைக்காலத்தில் டயரில் ஒட்டிய சேறு தார்ச்சாலையில் வழுக்கும். அடிபடுவது பெரும்பாலும் அந்த மாதிரி இடங்களில்தான்.

எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து இரண்டு லோரிகள் இருக்கின்றன. கணக்கு, இன்ஷூரன்ஸ் (இங்கே காப்புறுதி என்போம்), சாலை வரி எல்லாம் என் பொறுப்பு. என் கணவர் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். இங்கே நிரந்தரவாசத் தகுதி கிடைத்த பிறகு ஜிடிஎல் எடுத்து லோரி ஓட்டுகிறார். ஜிடிஎல் என்பது சரக்கு வாகனம் ஓட்டுவதற்கான தனி உரிமம். புதிதாக வந்தவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஊரில் பத்து வருடம் லாரி ஓட்டியவராக இருக்கலாம், மைத்துனர் அன்போடு சாவியைக் கையில் கொடுக்கலாம், ஆனால் இங்கே செல்லும் உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் வண்டியின் சேதத்துக்குக் காப்புறுதி நிறுவனம் ஒரு காசு தராது. தோட்டத்து எல்லைக்குள் நூறு அடி நகர்த்துவதற்குக் கூட ஏறாதீர்கள்.

விபத்து நடந்தால் முதலில் ஆள்கள். யாருக்காவது காயம் என்றால் 999. அதன் பிறகு, வண்டிகளை நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். சேதத்தை மட்டும் எடுத்தால் போதாது. இரண்டு வண்டிகளும் நின்ற நிலை, சாலைக் கோடு, டயர் தேய்ந்த தடம், எதிர் வண்டியின் எண், அதன் கண்ணாடியில் சாலை வரி வில்லை ஒட்டியிருந்தால் அதுவும், இவை எல்லாம் வேண்டும். எதிர் ஓட்டுநரின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

போலீஸ் வருவதற்கு முன்பே இழுவை லோரி வந்துவிடும். யார் கூப்பிட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஒருவர் அன்பாகத் தமிழிலேயே பேசுவார், தண்ணீர் போத்தல் கொடுப்பார், அட்டையில் கிளிப் போட்ட ஒரு தாளை நீட்டுவார். 'எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இங்கே ஒரு கையெழுத்து' என்பார். கை நடுங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் அந்தத் தமிழ் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தாள் உங்கள் பெயரில் இழப்பீடு கோரும் அதிகாரத்தையே யாரோ ஒரு பட்டறைக்கு எழுதிக் கொடுப்பதாக இருக்கலாம். பிறகு வண்டியைத் திரும்பக் கேட்டால் இழுவைக் கூலி, நிறுத்திவைத்த வாடகை என்று கணக்கு நீளும். உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் உதவி எண் பாலிசியில் அச்சிட்டிருக்கும். முதலில் அதைக் கூப்பிடுங்கள்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். புகாரில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. புகார் மலாயில் இருக்கும். நீங்கள் தட்டுத்தடுமாறிச் சொல்வதைக் கேட்டு, பணியிலிருப்பவர் தட்டச்சு செய்வார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் காத்திருப்பார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் என் கணவர் சாலையோரம் விளக்குப் போட்டு லோரியை நிறுத்தியிருந்தார். கட்டிய கயிறு தளர்ந்திருந்தது. பின்னால் வந்த மண் லோரி வேகத்தைக் குறைக்க முடியாமல் வந்து மோதியது. அவருக்குத் தோளில் அடி. நல்ல வேளையாக அவ்வளவோடு போயிற்று. இரவு ஒன்பது மணிக்குப் புகாரின் நகலோடு வீட்டுக்கு வந்தார். அடுப்பங்கரை விளக்கின் கீழ் வைத்து நான் படித்தேன். மூன்றாவது வரியில் 'லோரி சாயா மெலாங்கார்' என்று இருந்தது. என் லோரி மோதியது என்று அர்த்தம். 'டிலாங்கார்' என்றிருக்க வேண்டும். அதாவது, என் லோரி மோதப்பட்டது. முன்னால் ஓர் அசை மாறியதில் அடிபட்டவர் அடித்தவராகிவிட்டார்.

"என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

"படித்துக் காட்டினார். லாங்கார் என்று காதில் விழுந்தது, சரியென்று கையெழுத்துப் போட்டேன்."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. எழுதியவரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். ஆனால் எங்கள் லோரிக்கு இருந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும். அதில் நம் வண்டியின் சேதத்துக்குப் பணம் வராது. எதிர் வண்டியின் காப்புறுதியிடமிருந்துதான் வாங்க வேண்டும். அந்த ஒரு வரி அப்படியே இருந்திருந்தால் வாசலே அடைபட்டிருக்கும். மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் படங்களோடு போனோம். லோரியின் பின்பக்கம் மடங்கிக் கிடந்தது, முன்பக்கத்தில் ஒரு கீறலும் இல்லை. முந்தைய புகாரின் எண்ணைக் குறிப்பிட்டுத் திருத்தப் புகார் ஒன்று கொடுத்தோம். விசாரணை அதிகாரி வண்டியைப் பார்த்தார், இடத்தைப் பார்த்தார். தவறு மண் லோரியுடையது என்று முடிவானது.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: மலாய் வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்), தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பத்தாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை, யாராக இருந்தாலும் சரி. கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியும் தமிழில் என்ன என்று கேளுங்கள். 'மெ', 'டி' இரண்டையும் விரல் வைத்துப் பாருங்கள். நேரம், இடம், வண்டி எண் சரியா என்று பாருங்கள். உங்களுக்கு நிச்சயமில்லாத வேகத்தையோ தூரத்தையோ ஊகித்துச் சொல்லாதீர்கள்.

காப்புறுதி நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள். பொதுவாக 7 நாள் அவகாசம் இருக்கும், மருத்துவமனையில் படுத்திருந்தால் 30 நாள். முழுக் காப்புறுதி இருந்தால் நம் சேதத்துக்கு நம் நிறுவனத்திடமே கேட்கலாம், ஆனால் உரிமைகோராச் சலுகையை, அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகச் சந்தாவில் கிடைக்கும் கழிவை, இழப்போம். கார்களுக்கு அந்தச் சலுகை 55 விழுக்காடு வரை ஏறும். லோரிக்கு 25 விழுக்காட்டோடு நின்றுவிடும். ஆண்டுச் சந்தா 4,000 வெள்ளி (ரிங்கிட்) என்றால் 1,000 வெள்ளி போகும். விளக்கு உடைந்தது, பம்பர் நெளிந்தது போன்றவற்றைக் கைக்காசில் சரிசெய்வதே லாபம். எதிர்த்தரப்பிடம் கோரி வாங்கினால் நம் சலுகை குறையாது. அப்படிக் கோரும்போது வண்டி பட்டறையில் நின்ற நாள்களுக்கான இழப்பையும் சேர்த்துக் கேளுங்கள். யாரும் தானாக வந்து அதை நினைவூட்ட மாட்டார்கள்.

லோரிக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் உண்டு. 'ஏ' உரிமம் உள்ள லோரி கூலிக்கு மற்றவர் சரக்கை ஏற்றலாம். 'சி' உரிமம் சொந்தச் சரக்குக்கு மட்டும். பாலிசியும் அதையொட்டித்தான் எழுதப்பட்டிருக்கும். 'சி' லோரியில் பக்கத்துத் தோட்டத்துக் குலையைக் கூலிக்கு ஏற்றி வந்து விபத்தில் மாட்டினால், இழப்பீட்டை மறுக்கக் காப்புறுதி நிறுவனத்துக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். ஏற்றிய சரக்குக்குத் தனிக் காப்புறுதி வேண்டும். வெள்ளம், நிலச்சரிவுக்கும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பழுதுபார்ப்புக்கு வருவோம். முழுக் காப்புறுதியில் கோரினால் நிறுவனத்தின் பட்டியலில் உள்ள பட்டறைக்குத்தான் பொதுவாகப் போக வேண்டும். ஊரில் 'கெத்தோக், சாட்' (தட்டி நிமிர்த்துதல், சாயம் அடித்தல்) என்று பலகை மாட்டியிருக்கும் தெரிந்த தவுக்கேயின் (முதலாளியின்) பட்டறை நல்ல பட்டறையாகவே இருக்கலாம், ஆனால் முன் அனுமதி இல்லாமல் அங்கே ஒரு திருகைக் கூடக் கழற்ற விடாதீர்கள். சேத மதிப்பீட்டாளர் வந்து பார்த்துப் படமெடுத்த பிறகுதான் கழற்ற வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அவசரப்பட்டு நெளிந்த கதவை அடித்து நிமிர்த்திவிட்டார். மதிப்பீட்டாளர் வந்தபோது காட்ட ஒன்றும் இல்லை.

வண்டிக்கு 5 வயது தாண்டியிருந்தால் இன்னொரு செலவையும் எதிர்பாருங்கள். பழைய பாகத்துக்குப் பதில் புதிய அசல் பாகம் போடும்போது விலையில் ஒரு பங்கை நாம் கட்ட வேண்டும். 10 வருடமானால் அது 40 விழுக்காடு வரை போகும். 8,000 வெள்ளி சாமானுக்கு 3,200 வெள்ளி நம் கையிலிருந்து. வேலை தொடங்குவதற்கு முன்பே இந்தத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிலர் செலவைக் குறைக்க, வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டிக் கொண்டுவரும் வண்டிகளின் இன்ஜினை வாங்கிப் போடுவார்கள். இன்ஜின் மாறினால் ஜேபிஜே என்னும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் லோரிக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் சோதனையில் மாட்டிக்கொள்ளும், அடுத்த விபத்தில் இழப்பீடும் சிக்கலாகும்.

வேலை முடிந்தது என்று பட்டறையில் திருப்திச் சீட்டு நீட்டுவார்கள். பாரம் ஏற்றி, ஒரு மேடு ஏறி இறங்கி, பிரேக் போட்டுப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். காலி லோரி எல்லாம் நேராகத்தான் ஓடும்.

தோட்டத்து வேலைக்கு வந்த தம்பிகள் லோரியின் பின்னால் குலை மேல் உட்கார்ந்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. சரக்கு லோரியில் ஆள் ஏற்றுவது குற்றம், விழுந்தால் லோரியின் காப்புறுதியிலிருந்து எதுவும் வாங்குவது மிகக் கடினம். வேலை தொடர்பாகக் காயம்பட்டால் சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் உண்டு. 2019 ஜனவரி 1 முதல் அதன் வேலையிடக் காயத் திட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சேர்ந்திருக்கிறார்கள். விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 'பெர்மிட் போய்விடும், சொல்லாதே' என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். மருத்துவமனைச் சீட்டை ஒன்று விடாமல் சேர்த்து வையுங்கள்.

காப்புறுதி நிறுவனம் கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் அவர்களுடைய புகார்ப் பிரிவு. அங்கும் தீரவில்லை என்றால், 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் 6 மாதங்களுக்குள் போகலாம். கட்டணம் இல்லை.

எங்களுக்குப் பணம் கைக்கு வர எட்டு மாதமாயிற்று. இப்போது இரண்டு லோரிகளிலும் ஓட்டுநர் தலைக்கு மேல் உள்ள வெயில் மறைப்பில் ஓர் அட்டை செருகியிருக்கிறேன். பாலிசி எண், உதவி எண், என் கைப்பேசி எண். அவற்றின் கீழ் தமிழ் எழுத்தில், பொருளோடு, இரண்டு வரிகள்: 'லோரி சாயா மெலாங்கார்', நான் மோதினேன். 'லோரி சாயா டிலாங்கார்', என்னை மோதினார்கள். 'டி' மட்டும் சிவப்பு மையில்.