கோலப்புள்ளியும் ஆழாக்கும் வச்சு கணக்கு நடத்துறது எப்படி

நம்ம திருநெல்வேலி பக்கம் ஆறு, ஏழு, எட்டாங்கிளாஸுக்கு கணக்கு எடுக்கிறவங்களுக்காக இத எழுதுதேன். மார்கழில ஒருநாள் கோலப்போட்டி வச்சுட்டு "கோலத்துல கணக்கு இருக்கு பிள்ளைகளா"ன்னு சொல்லிட்டுப் போறதுல ஒரு பிரயோஜனமும் கெடையாது. பிள்ளைங்களே புள்ளி வச்சு எண்ணி ஒரு விதிய கண்டுபிடிக்கணும், புக்கு அதுக்கு அப்புறந்தான்.

இடுக்குப்புள்ளில ஆரம்பிங்க, அதாவது ஒரு வரிசைல ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கிற இடுக்குக்கு நேரா அடுத்த வரிசைப் புள்ளிய வைக்கிறது. 3 புள்ளி 2ல நிறுத்துனா 2+3+2, மொத்தம் 7. 5 புள்ளி 3ல நிறுத்துனா 19, 7 புள்ளி 4ல நிறுத்துனா 37. நடுவுல ஒத்தப்புள்ளி மட்டும் வச்சா 1. போர்டுல 1, 7, 19, 37ன்னு எழுதிட்டு பேசாம நில்லுங்க, இதுதான் கஷ்டம், நம்ம வாய் சும்மா இருக்காது. கொஞ்ச நேரத்துல ஏதாவது ஒரு பிள்ள 6, 12, 18 கூடுதுன்னு சொல்லும். ஏன் ஆறாறா கூடுதுன்னு கேளுங்க, நடுப்புள்ளிய சுத்தி ஒவ்வொரு சுத்துக்கும் வேற வேற கலர்ப்பொடி போடச் சொன்னா ஆறு பக்கமும் பக்கத்துக்கு ஒரு புள்ளி கூடுறது கண்ணுலயே தெரிஞ்சிரும். அப்போ அடுத்தது 61, 9 புள்ளி 5ல நிறுத்தி எண்ணிப் பாக்கட்டும். கடைசியா அந்த எண்களையே ஒண்ணொண்ணா கூட்டிட்டு வரச் சொல்லுங்க: 1, 8, 27, 64, 125. எங்க கிளாஸ்ல தினம் ஆச்சிகூட வாசல் தெளிக்கிற பிள்ள ஒண்ணு "சார், இது கன எண்ணுல்லா!"ன்னு எந்திரிச்சு நின்னுச்சு, அத இப்ப நெனச்சாலும் சந்தோஷமா இருக்கு.

பின்னத்துக்கு நம்ம பழைய பேரே போதும். அரைக்கால்னா கால்ல அரை, 1/8, பேருக்குள்ளயே பெருக்கல் இருக்கு. மாகாணில கூட்டல் இருக்கு: மா 1/20, காணி 1/80, ரெண்டையும் கூட்டச் சொல்லுங்க, 4/80ம் 1/80ம் சேந்து 5/80, சுருக்குனா 1/16. பொதுப் பகுதி எதுக்குன்னு தனியா விளக்கவே வேண்டாம்.

வீட்டுல அரிசி அளக்கிற பழைய படி, உழக்கு, ஆழாக்கு கெடந்தா கொண்டுவரச் சொல்லுங்க. 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 4 உழக்கு ஒரு படி. அரிசிய அள்ளி ஊத்திப் பாக்கட்டும், ஆழாக்குதான் அரைக்கால் படின்னு அவங்களே சொல்லுவாங்க. ஈயம் பூசாத பழைய பித்தளையா இருந்தா அந்த அரிசிய சமையலுக்கு எடுக்காதீங்க.