பணி முடிந்த பின்னும் அதிரும் கைபேசி: என்ன செய்யலாம்?

இரவு ஒன்பதரை மணிக்குத் தோசைக்கல்லில் மாவு ஊற்றும்போது அலமாரியில் கிடக்கும் கைபேசி அதிர்ந்தால், வந்தது அலுவலகக் குழுவின் வெறும் 'குட் நைட்' படமே ஆனாலும், கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் பார்க்கும் வரை மனம் தோசையில் நிற்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் கிரெய்க் பிராட் 1984இலேயே தொழில்நுட்ப அழுத்தம் குறித்து நூல் எழுதினார். அன்றைய கவலை அலுவலகக் கணினி. இன்று நம்மை வாட்டுவது கருவியைவிட, உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான்.

முதலில் அலுவலக வாட்ஸ்அப் குழுவை மியூட் செய்யுங்கள். 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்ற மூன்றில் 'எப்போதும்' என்பதையே தேர்ந்தெடுங்கள். மற்றவை காலாவதியாகும்போதெல்லாம் நினைவு வைத்து மீண்டும் செய்வது தனித் தலைவலி. பிறகு குழுவை ஆர்க்கைவ் செய்துவிட்டு (முதன்மைப் பட்டியலில் தெரியாமல் ஒதுக்கிவிட்டு), வேலை தொடங்கும்போதும், மதிய உணவுக்குப் பிறகும், கிளம்பும் முன்பும் நீங்களாகவே திறந்து பாருங்கள்.

'அவசரம் என்றால்?' என்ற அச்சம்தான் பலரைத் தடுக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் 'தொந்தரவு செய்யாதே' வசதியை இரவு எட்டு மணிக்குத் தானாக இயங்கும்படி அமைத்து, தொடர்புப் பட்டியலில் நீங்கள் நட்சத்திரமிட்ட எண்களுக்கும், 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பவருக்கும் மட்டும் விலக்கு அளிக்கலாம். அதன்பின் மேலதிகாரியிடம் நேரில், "எட்டு மணிக்கு மேல் அவசரம் என்றால் அழைத்துவிடுங்கள் சார், மெசேஜைக் காலையில்தான் பார்ப்பேன்" என்று சொல்லிவிட வேண்டும். எல்லா அமைப்புகளையும்விடக் கடினமானது இந்த ஒரு வாக்கியம்தான். பிரான்சில் 2017 முதல் 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள், பணி நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றித் தொழிலாளரோடு பேச்சு நடத்தச் சட்டமே இருக்கிறது. இங்கோ, இதே உரிமைக்காக நாடாளுமன்ற உறுப்பினர் சுப்ரியா சுலே 2018இல் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. ஆகவே பேச வேண்டியவர் நீங்கள்தான்.

நீல டிக்கை அணைத்தால் போதும் என்று நம்ப வேண்டாம். தனி உரையாடலில் அது மறையும், குழுவில் மறையாது. அப்போதே பதிலளிக்க முடியாத செய்தியைத் திறக்காமல் விடுவதே நல்லது.

இரவில் கைபேசியைக் கூடத்தில் சார்ஜ் போடுங்கள். 'அலாரம் அதில்தானே இருக்கிறது' என்றால், சிறிய அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சில நாட்கள், காலியான சட்டைப்பையில் ஏதோ அதிர்ந்ததுபோலத் தோன்றலாம். அது பழக்கத்தின் மிச்சம், எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை.