இன்டெலா, ஏஎம்டியா? முதல்முறை கணினி அசெம்பிள் செய்பவர்களுக்கு

புதுக் கணினி அசெம்பிள் செய்யப்போகிறேன் என்று சொன்னதுமே நண்பர்கள் இன்டெல், ஏஎம்டி என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். அவர்கள் சண்டை ஓயட்டும். இன்றைக்கு இரண்டு நிறுவனங்களுமே நல்ல ப்ராசசர்களைத்தான் (கணினியின் மூளையான சிப்) விற்கின்றன. அதனால் பிராண்டைக் கடைசியில் பார்க்கலாம்.

படி 1: வேலையை முடிவு செய்யுங்கள்

பிரவுசர், எக்செல், படம் பார்ப்பது மட்டும்தான் என்றால் எது மலிவோ அதை வாங்கிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

கேம்தான் முக்கியம் என்றால் ஏஎம்டியின் எக்ஸ்3டி வகையைப் பாருங்கள். அவர்களுடைய ரைசன் 7 5800எக்ஸில் எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) 32 எம்பி. 5800எக்ஸ்3டியில் 96 எம்பி. அடிக்கடி ரேமுக்குப் போய் வரவேண்டியதில்லை என்பதால் பல கேம்களில் வேகம் நன்றாகவே கூடுகிறது. ஆனால் 4கே திரையில் விளையாடினால் சுமை கிராஃபிக்ஸ் கார்டின் தலையில்தான் விழும். அப்போது இந்த வித்தியாசம் சுருங்கிவிடும்.

வீடியோ எடிட்டிங் என்றால் என் ஓட்டு இன்டெலுக்கு. அதன் குவிக் சிங்க், சுருக்கி வைத்த வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலையைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறது.

கோர் (ப்ராசசருக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பகுதி) எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். இன்டெலின் ஐ5-13600கேயில் 14 கோர் என்று போட்டிருக்கும். அதில் 6 வேகமான பெரியவை, 8 மின்சாரம் மிச்சப்படுத்தும் சிறியவை. ரைசன் 5 7600எக்ஸின் ஆறும் பெரியவையே.

படி 2: கடைசி எழுத்தைப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். ஐ5-12400, ஐ5-12400எஃப் இரண்டிலும் கோர்கள் ஒன்றுதான். ஆனால் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் (திரைக்குப் படம் அனுப்பும் பகுதி) கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் திரையில் எதுவும் வராது. குவிக் சிங்க் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது என்பதால் அதுவும் கிடையாது.

ஏஎம்டியில் இன்னும் குழப்பம். ரைசன் 5 5600இல் எஃப் இல்லை, ஆனாலும் கிராஃபிக்ஸ் இல்லை. 5600ஜியில் உண்டு. 7600இல் சின்னதாக ஒன்று உண்டு, 7500எஃப்பில் இல்லை. தனி கார்டு வாங்கப்போவதில்லை என்றால் ஜி வகையே சரி.

இன்டெலின் கே, ஓவர்க்ளாக் (நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட வைப்பது) செய்பவர்களுக்கானது. அதற்கு இசட் வகை மதர்போர்டும் வேண்டும். அந்த ஆசை இல்லையென்றால் கே இல்லாததையே வாங்குங்கள்.

படி 3: சாக்கெட்டும் ரேமும்

எந்த ப்ராசசர் என்பதைப் பொறுத்தே போர்டும் ரேமும் அமையும். மூன்றின் மொத்த விலையைத்தான் ஒப்பிட வேண்டும்.

சாக்கெட் என்பது போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம். இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14ஆம் தலைமுறைகளோடு முடிந்தது. 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851 என்ற வேறு சாக்கெட். ஏஎம்டி இந்த விஷயத்தில் தாராளம். 2017இல் வந்த ஏஎம்4 சாக்கெட் போர்டுகள் பலவற்றில், பயாஸை (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மட்டும் புதுப்பித்து 5000 வரிசை ரைசனைப் போட முடிந்தது. 2022இல் வந்த ஏஎம்5, 7000 வரிசையில் தொடங்கி 9000 வரை ஏற்கிறது. பின்னால் ப்ராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஏஎம்5 பக்கம் போங்கள்.

கையில் பழைய டிடிஆர்4 ரேம் இருக்கிறதா? ஏஎம்5இல் அது பொருந்தாது. ஏஎம்4 எடுங்கள், அல்லது எல்ஜிஏ1700இல் டிடிஆர்4 போர்டாகப் பார்த்து எடுங்கள். அந்த சாக்கெட்டில் டிடிஆர்4, டிடிஆர்5 என இரண்டு வகைப் போர்டும் உண்டு.

படி 4: சூடு

பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை அப்படியே நம்பவேண்டாம். 105 வாட் என்று போட்ட ரைசன் 142 வாட் வரை இழுக்கும். ஐ9-14900கே 253 வாட் வரை போகும். கூலரை இதற்கேற்ப வாங்குங்கள்.

13, 14ஆம் தலைமுறை இன்டெலின் பெரிய ப்ராசசர்களில் சில நிலைதடுமாறும் சிக்கல் இருந்தது. 2024இல் இன்டெல் அதற்கு மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் மென்பொருள்) திருத்தம் தந்தது. இவற்றை வாங்கினால் முதல் வேலையாக அந்தத் திருத்தம் உள்ள புது பயாஸை ஏற்றிவிடுங்கள்.

படி 5: பணம் கட்டும் முன்

போர்டு நிறுவனத்தின் தளத்தில், அந்த மாடல் ஏற்கும் ப்ராசசர்களின் பட்டியல் இருக்கும். உங்களுடையது அதில் இருக்கிறதா, எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்று பாருங்கள். போர்டு பழைய பயாஸோடு வந்தால் கணினி ஆன் ஆகாமலே போகலாம். ப்ராசசர் இல்லாமலே பென் டிரைவ் வழியாக பயாஸ் ஏற்றும் வசதி சில போர்டுகளில் உண்டு. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அதை வாங்கிவிடுவேன்.